நான்காவது ஆள்

தம்பி செங்கோடனை அந்தியூரில் மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்த அன்று, நல்லசிவம் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போனான். முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினான். பிறகு தம்பியின் தட்டு, தம்ளர், தலையணை, போர்வை, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, மாடிப்படிக்குக் கீழே தள்ளினான். மனைவி தாரணி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது மாசந்தான் தாரணி. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிரும்."

"நான் ஒண்ணுங் கேக்கலைங்களே," என்றாள் அவள்.

அவள் கேட்காததுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

செங்கோடனுக்கு முப்பத்து மூன்று வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். அம்மா இறந்த பிறகு ஆறு வருடங்களாக ஈரோட்டில் அண்ணன் வீட்டில்தான் இருந்தான். பேச்சு சற்றுக் குழறும். கணக்கு வராது. மற்றபடி காலையில் பால் வாங்கி வருவது, துணி மடிப்பது, அண்ணன் மகள் இனியாவை வேன் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவது எல்லாம் அவன் வேலை. தைராய்டுக்கு ஒரு மாத்திரை. அதையும் அவனே ஞாபகம் வைத்துப் போட்டுக்கொள்வான்.

தாரணி டயாலிசிஸ் நர்ஸ். தெற்கே, கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு குளிர்நாட்டில் நர்ஸ்களுக்குப் பெரும் தட்டுப்பாடு. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கணவனும் மகளும் கூடப் போய் நிரந்தரமாகக் குடியேறலாம். மருத்துவச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதைப் பற்றி விசாரிக்கத்தான் நல்லசிவம் பெருந்துறை ரோட்டில் இருந்த ஆலோசகர் கஜேந்திரனைப் பார்க்கப் போனான். தாரணிக்கு அன்று டூட்டி. அதனால் தனியாகப் போனான்.

கஜேந்திரன் விஷயத்தை விளக்கமாகச் சொன்னார்.

"முன்னெல்லாம் ரேஷன் கார்டு, சான்றிதழ்னு பாத்துக் குடும்பத்த முடிவு பண்ணுனாங்க. காயிதத்துல யாரை வேணா சேக்கலாம், யாரை வேணா எடுக்கலாம். ஆயிரக்கணக்குல பொய் சொல்லிப் போயிட்டாங்க. அதுனால அந்த நாட்டுக்காரங்க காயிதத்தையே நம்பறதில்லைங்க. ஒடம்பத்தான் நம்பறாங்க."

"ஒடம்புல எப்பிடிங்க தெரியும்?"

"நம்ம வாயில, வயித்துல, தோல்ல கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்குதுங்களா? ஒரே வீட்டுல ஒண்ணாச் சாப்ட்டு, ஒண்ணாத் தூங்கறவங்களுக்கு அதெல்லாம் ஒரே கூட்டமா ஆயிருமுங்க. புருசன் பொண்டாட்டிக்கு ரத்த சம்பந்தம் இல்லை. ஆனா ரெண்டு பேரு வயித்துலயும் ஒரே கூட்டந்தான். அந்த ஒத்துமையத்தான் ரேகைங்கறாங்க. உங்க எச்சல ஒரு சொட்டு எடுத்தாப் போதும், உங்க வீட்டுல எத்தன பேரு, ஆணா பொண்ணா, என்ன வயசு, எல்லாம் சொல்லிருவாங்க."

"தம்பிய நாங்க கூட்டிட்டுப் போகலைங்களே. இங்கதான விட்டுட்டுப் போறோம்?"

"அது அவங்களுக்கு வேண்டாமுங்க. இன்னைக்கு விட்டுட்டு வருவீங்க, நாளைக்குக் கூப்ட்டுக்குவீங்க. அதுனால வீட்டுல இருக்கற அத்தன பேருக்கும் சோதனை. அடுத்த முப்பது வருசத்துல யாருக்கு எவ்வளவு வைத்தியம் வேண்டியிருக்கும்னு முன்கணிப்புப் போடுவாங்க. ஒருத்தர் வரம்பத் தாண்டுனா மொத்தக் குடும்பமும் போச்சு."

கஜேந்திரன் அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"ரெண்டு வழி இருக்குதுங்க. தம்பியையும் சேத்து எழுதிச் சோதனை பண்ணிப் பாக்கலாம். தேறுவாரா மாட்டாரான்னு நான் சொல்ல முடியாது. இல்லைன்னா அவர எங்காவது தங்க வெச்சிருங்க. ஒம்பது மாசம் தொடக்கூடாது, பக்கத்துல ஒக்காந்து சாப்டக்கூடாது. ரேகை தானா அழிஞ்சிரும். குடிக்கறதுக்குப் பொடி ஒண்ணு தர்றேன், இன்னும் சீக்கிரம் அழியும்."

வீட்டுக்கு வந்து தாரணியிடம் நல்லசிவம் இரண்டாவது வழியை மட்டும் சொன்னான். முதல் வழியைச் சொல்லவில்லை. "வேற வழியே இல்லைங்கறாங்க," என்றான். மகள் படிப்பு, மகள் எதிர்காலம் என்று நிறையப் பேசினான். தாரணி நெடுநேரம் யோசித்துவிட்டு, "உங்க தம்பி. நீங்க சொன்னாச் சரி," என்றாள். செங்கோடனிடம் அவன் சொன்னது வேறு. "பத்து நாள் அங்க இரு. அண்ணன் வந்து கூட்டிக்குவேன்."

விண்ணப்பத்தில் 'வீட்டில் வசிப்போர்' என்ற இடத்தில் 'மூவர்' என்று அவன்தான் நிரப்பினான். கீழே கையெழுத்துப் போட தாரணியிடம் நீட்டியபோது அவள் படிக்காமலே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

எதிர்வீட்டு பூங்கோதையக்கா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏந்தம்பி, செங்குவக் காணோமே? பால் வாங்க வர்றதில்ல?"

"சென்னிமலைல சித்தி வீட்டுக்குப் போயிருக்கறானுங்க்கா."

"உனக்குச் சென்னிமலைல சித்தி இருக்குதா?"

மறுநாள் முதல் நல்லசிவம் பின்பக்கத் தெரு வழியாக வண்டியை எடுத்தான்.

வீட்டில் அவனால் சாப்பிட முடியவில்லை. மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் அவன் பாதியிலேயே எழுந்து கை கழுவிவிடுவான். தண்ணீர் சுத்திகரிப்பு ஆலைகளைப் பராமரிக்கும் கம்பெனியில் அவன் பொறியாளர். ஓசூரில் ஓர் ஆலைக்கு ஆள் தேவை என்றார்கள். தானாகவே பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அங்கே தனி அறை, ஓட்டல் சாப்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான். கூடத்துச் சோபாவில் படுத்து எழுந்து மறுநாள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவான். கஜேந்திரன் கொடுத்த பொடியைக் காலையும் மாலையும் தவறாமல் கலக்கிக் குடித்தான். தாரணிக்கும் இனியாவுக்கும் உரிய பாக்கெட்டுகளை வீட்டில் வைத்து, "மறக்காமக் குடிங்க," என்று போனிலும் நினைவூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒன்றைக் கவனித்தான். தாரணி சாதாரணமாக இருந்தாள். இனியா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு படித்தாள். ஆறு வருடம் கூடவே இருந்த ஆளை எப்படி இவ்வளவு சீக்கிரம் மறக்க முடிந்தது என்று அவனுக்குக் கோபம் வந்தது. தம்பிக்காக உள்ளுக்குள் வேகிறவன் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஒன்பது மாதம் முடிந்து கோயமுத்தூரில் அந்த நாட்டின் சோதனை மையத்தில் மாதிரிகள் கொடுத்தார்கள். எச்சில், உள்ளங்கை, மலம். மூன்று வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மூவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். நல்லசிவத்தின் எதிரே வந்து உட்கார்ந்தவர் டாக்டர் மெஹருன்னிசா. ஐம்பது வயதிருக்கும். பேச்சு சென்னைப் பக்கத்துப் பேச்சு.

"மிஸ்டர் நல்லசிவம், நீங்க சொல்றது எல்லாம் பதிவாகும். உங்க வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

"மூணு பேருங்க டாக்டர்."

"வேற யாரும் இருந்தாங்களா? இப்ப இல்லாட்டியும், முன்னாடி?"

"இல்லைங்க."

அவர் திரையைப் பார்த்தார். "உங்க மனைவிகிட்ட, மகள்கிட்ட, ரெண்டு பேர்கிட்டயும் இன்னொருத்தரோட ரேகை இருக்கு. ஆண். வயசு முப்பதுல இருந்து முப்பத்தஞ்சு. லேசா இல்ல, வலுவா. யாரு இது?"

நல்லசிவம் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஒன்பது மாதம். பொடி குடித்து, விலகி இருந்து, எல்லாம் செய்தும்? அப்புறம்தான் புரிந்தது. அழியாமல் மிஞ்சிய பழைய ரேகை இல்லை அது. அழியவே விடாத ரேகை. அவன் ஓசூரில் இருக்க, இனியாவுக்குப் பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் அவர்கள் இருவரும் எங்கே போயிருப்பார்கள் என்பது அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

"மனைவி நர்ஸுங்க," என்றான். "நோயாளி யாராச்சும் இருக்கும்."

"நோயாளியத் தொட்டா இப்படி வராது. ஒரே தட்டுல சாப்பிடணும், மாசக்கணக்குல. உங்க மகளுக்கும் இருக்கே?"

பொய் அவன் தேடாமலே வந்தது. "அந்தியூர்ல ஓர் இல்லம் இருக்குதுங்க டாக்டர். மனவளர்ச்சி இல்லாதவங்களுக்கு. இவங்க ரெண்டு பேரும் சேவைக்குப் போவாங்க. ஊட்டி விடுவாங்க, கூட ஒக்காந்து சாப்பிடுவாங்க. எம் மனைவிக்கு எளகின மனசு. அங்க இருக்கற ஒரு பையனா இருக்கும்."

"அந்தப் பையன் உங்களுக்கு உறவா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உறவு இல்லையா?"

"இல்லைங்க டாக்டர்."

"சரி. ரெண்டு மணிக்கு அந்த இல்லத்தோட வீடியோவுல பேசப் போறோம். அந்த நபரையே கேட்டுக்கலாம். மூணு பேரும் இருப்பீங்க. அதுவரைக்கும் வெளியில போய்ட்டு வாங்க. உங்க மனைவியும் மகளும் மேல் மாடியில இருக்காங்க, அவங்களோட இப்ப பேச வேண்டாம்."

மணி ஒன்றேகால். நல்லசிவம் வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு கார்களுக்கு நடுவே போய் நின்று இல்லத்துக்குப் போன் செய்தான். காப்பாளர் குழந்தைவேல் எடுத்தார்.

"நல்லசிவங்களா? ஒம்பது மாசத்துல இப்பத்தான் போன் வருது," என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். "இருங்க, செங்குவக் கூப்படறேன்."

செருப்புச் சத்தம் ஓடி வருவது கேட்டது.

"அண்ணா! பத்து நாள் ஆயிருச்சா?"

நல்லசிவம் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். வெயிலில் தகரம் சுட்டது, கையை எடுக்கவில்லை.

"ஆயிரும்டா. செங்கு, அண்ணன் ஒண்ணு சொல்லுவேன், கேப்பியா?"

"கேப்பேன்."

"இன்னுங் கொஞ்ச நேரத்துல டிவி மாதிரி ஒண்ணுல ஒரு டாக்டரம்மா வருவாங்க. நானும் தெரிவேன். 'இவரு யாரு'ன்னு கேப்பாங்க. 'தெரியாது'ன்னு சொல்லணும்."

"ஏண்ணா?"

"ஒரு வெளையாட்டு. என்னைத் தெரியாதுன்னு சொல்லணும். எத்தன தடவ கேட்டாலும். சொல்லுவியா?"

"நீ எங்க அண்ணன்தான?"

"ஆமாண்டா. ஆனா சொல்லக்கூடாது."

"சரிண்ணா," என்றான் செங்கோடன். "மறக்க மாட்டேன்."

போனை வைத்த பிறகுதான், தன்னைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு மற்ற இருவரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம் என்பது நல்லசிவத்துக்கு உறைத்தது. மறுபடியும் அழைத்தான். யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம்.

இரண்டு மணிக்கு மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். தாரணி அவனைப் பார்த்து ஏதோ கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சுவரில் இருந்த திரையில் செங்கோடன் தெரிந்தான். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தார்கள். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தான்.

"வணக்கம் செங்கோடன்," என்றார் டாக்டர். "இவங்க யாரு, தெரியுதா?"

"அண்ணி!" அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அது இனியாப் பாப்பா. பாப்பா, சனிக்கிழமை வர்றப்ப கலர் பென்சில் கொண்டா."

"இவர்?"

செங்கோடன் நல்லசிவத்தைப் பார்த்தான். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டான். கண் படபடத்தது.

"தெரியாதுங்க."

"நல்லாப் பாருங்க."

"தெரியாதுங்க. இவரு யாருன்னே தெரியாது."

அவன் பக்கத்தில் நின்ற குழந்தைவேல் குனிந்து, "டேய், நல்லாப் பாரு, நம்ம..." என்று ஆரம்பித்தார். செங்கோடன் அவர் கையைத் தட்டிவிட்டான். "சித்தப்பா, அது அப்பா!" என்றாள் இனியா, எழுந்தே விட்டாள். "எங்கப்பா, சித்தப்பா!" செங்கோடனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

தாரணி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டாக்டர் வீடியோவை நிறுத்தும் வரை நல்லசிவம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"மிஸ்டர் நல்லசிவம், ஒரு விஷயம் சொல்லிடறேன். மாதிரி குடுத்த மறுநாளே உங்க மனைவி இங்க வந்து விண்ணப்பத்தத் திருத்திட்டாங்க. முதன்மை விண்ணப்பதாரர் அவங்கதான், அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. மூணு பேரு இல்ல, நாலு பேருன்னு எழுதினாங்க. அந்த வாரமே செங்கோடனக் கூட்டிட்டு வந்து எல்லாச் சோதனையும் பண்ணிட்டாங்க. இதயம் நல்லா இருக்கு. தைராய்டு கட்டுப்பாட்டுல இருக்கு. முன்கணிப்பு வரம்புக்கு உள்ளதான் வருது."

"வருதுங்களா?" என்றான் நல்லசிவம். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"வருது. முதல்லயே சேத்திருந்தா அன்னைக்கும் வந்திருக்கும்."

"அப்புறம் ஏனுங்க காலையில..."

"ஒவ்வொருத்தர் சொல்றதும் தனித்தனியாப் பதிவாகணும். அதுதான் விதி. இப்ப என் முன்னாடி இருக்கறது இது." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. சற்றுத் தள்ளி, விளிம்பு மட்டும் தொட்டும் தொடாமலும், இன்னொரு வட்டம். "தாரணி, இனியா, செங்கோடன், இவங்க மூணு பேரும் ஒரு குடும்பம். சந்தேகமே இல்ல. நாலாவது ஆள் நீங்க. உங்க ரேகை இவங்க யாரோடயும் சரியாச் சேரல. செங்கோடன் உங்களத் தெரியாதுங்கறார். நீங்களும் அவர் உறவு இல்லன்னு ரெண்டு தடவ சொல்லிட்டீங்க. அவங்க மூணு பேருக்கும் அனுமதி உண்டு. நீங்க இந்த வீட்டு ஆளுன்னு இன்னும் நிரூபணம் ஆகல."

"அவன் எந் தம்பிங்க டாக்டர்," என்றான் நல்லசிவம். "கூடப் பொறந்தவன். தெரியாதுன்னு சொல்லச் சொன்னது நாந்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி, கீழ நின்னு போன் பண்ணி..."

தான் எப்போது உண்மை சொல்கிறோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது. தம்பியை விட்டுவிடுவதாக இருந்தபோது வராத உண்மை, தன்னை விட்டுவிடுவார்கள் என்றதும் வந்திருந்தது.

"எழுதிக்கறேன்," என்றார் டாக்டர். "ஆனா அது போதாது. ஆறு மாசம் இவங்களோட சேந்து இருங்க. அப்புறம் வந்து மறுபடி மாதிரி குடுங்க. அவங்களோட அனுமதி ஏழு மாசம் வரைக்கும் செல்லும். போறதா காத்திருக்கறதாங்கறது உங்க மனைவியோட முடிவு."

மையத்தை விட்டு வெளியே வந்ததும் இனியா முன்னால் நடந்துபோய்க் காரின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாரணி சாவியை அவனிடம் கேட்டு வாங்கினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தாரணி. அவனையும் சேத்துட்டேன்னு."

"நேத்து வரைக்கும் சொல்லணும்னுதான் இருந்தனுங்க." அவள் சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்புறம், அந்த டாக்டரம்மா மொகத்துக்கு நேரா கேட்டா நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். என்ன இருந்தாலும் உங்க தம்பி. உங்க வாயால சொல்லட்டும்னு விட்டுட்டேன். கஜேந்திரன் சார் ரெண்டு வழி சொன்னாருன்னுகூட எனக்கு அப்பறம் அவரையே போயிக் கேட்டப்பத்தான் தெரியும். அதையும் நீங்களே சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்."

"நீங்க மூணு பேரும் போயிருங்க," என்றான். "நான் இங்கயே..."

"போறதப் பத்தி அப்புறம் பேசலாங்க. இப்ப அவனைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போகணும். ஏறுங்க."

அவினாசி தாண்டி, பெருமாநல்லூர், கோபி என்று வழி நெடுகத் தாரணியே ஓட்டினாள். நல்லசிவம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பின்னால் இனியா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். கோபியில் ஒரு கடை முன் வண்டி நின்றது. இனியா இறங்கிப் போய்க் கலர் பென்சில் டப்பா ஒன்று வாங்கி வந்தாள். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அந்தியூர் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஐந்தரை மணி. இல்லத்து முற்றத்தில் செங்கோடன் பையோடு தயாராக நின்றான். தாரணி வழியிலேயே போன் செய்திருந்தாள். இனியா ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தாரணி அவன் தலையைத் தடவி, "மாத்திர போட்டியாடா?" என்றாள். "போட்டேன் அண்ணி," என்றான். பிறகு அவர்கள் இருவரும் குழந்தைவேலிடம் சொல்லிக்கொண்டு வர உள்ளே போனார்கள்.

முற்றத்தில் அண்ணனும் தம்பியும் மட்டும் நின்றார்கள்.

செங்கோடன் கிட்டே வரவில்லை. நாலடி தள்ளியே நின்று, உள்ளே ஒரு முறை, வாசல் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, கையை வாய்க்குக் குறுக்கே வைத்து ரகசியமாகக் கேட்டான்.

"சரியாச் சொன்னனாண்ணா?"

"சரியாச் சொன்னடா," என்றான்.

செங்கோடனின் முகம் மலர்ந்தது. உடனே மறுபடி கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். ஓர் அடி முன்னால் எடுத்து வைத்துவிட்டு, ஞாபகம் வந்தவனாகப் பின்னால் வைத்தான்.

"இன்னும் எத்தன நாளைக்குண்ணா தெரியாதுன்னு சொல்லணும்?"